டிப்பர் முதலாளியின் வானில் போய் எடுத்த கணிப்பு

கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். மாதிரி எடுப்பது எப்படி, டப்லெட்டில் எங்கே அழுத்துவது, மறுத்தவரை எப்படிப் பதிவது என்பதையெல்லாம் உங்களுக்கு மூன்று நாள் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். நான் விட்ட ஒரு பிழையைத்தான் எழுதப்போகிறேன். வாசித்துவிட்டு, 'அக்கா இவ்வளவு மொக்குத்தனமா?' என்று உங்களுக்குள் சிரிக்கலாம். நாளைக்கு நீங்களும் ஒரு ஊருக்குப் போவீர்கள்தானே, அப்போது தெரியும்.

வவுனியாவில் தொடங்கி, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று வன்னி முழுக்க வினாக்கொத்தோடு அலைந்தவள் நான். மலசலகூடம், நுண்கடன், நுளம்புவலை, பள்ளிக்கூட இடைவிலகல், கடைசியில் தேர்தல் என்று நான் கேள்வி கேட்காத விடயம் இல்லை. என்னை வேலைக்குப் பழக்கிய மேற்பார்வையாளர் அதிகம் கதைக்காத மனிதர். நிரப்பிய படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் பார்க்கமாட்டார். என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"கேள்வி கேக்கேக்கை பக்கத்திலை ஆர் நிண்டது?"

ஒருமுறை மல்லாவியில் ஒரு வீட்டில், குடும்பத்தில் முடிவெடுப்பது யார் என்று கேட்டேன். எல்லாம் அவர்தான் என்று அந்தப் பெண் சொன்னார். நானும் எழுதிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் யார் நின்றது என்று மேற்பார்வையாளர் கேட்டார். புருசன் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார் என்றேன். திரும்பிப் போ என்றார். அடுத்த நாள் அந்த மனிதர் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். "முடிவெடுக்கிறது நான்தான் பிள்ளை. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் அந்தப் பெண். இவ்வளவு தெளிவாகப் படித்த பாடத்தை நான் இருபது சொச்ச வருசத்துக்குப் பிறகு மறந்தேன். அந்தக் கதைதான் இது.

அண்மையில் நடந்த பிரதேச சபைத் தேர்தலுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது, எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒரு வட்டாரம். யாருக்கு வாக்களிக்கப் போகிறார்கள் என்று கணிப்பு எடுக்க வேண்டும். மூன்று நாள்தான் தவணை. போக்குவரத்துக்கு வான் வண்டி வரும், பெற்றோல் செலவு நமக்கு இல்லை.

ஒரே ஒரு வட்டாரத்துக்குக் காசு செலவழித்து யார் கணிப்பு எடுப்பார்கள்? நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்டேன்தான். "ஆய்விலை அக்கறை உள்ள ஒரு நலன்விரும்பி" என்றார் பணிப்பாளர். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. வேலை இல்லாமல் இரண்டு மாதமாக என் பிள்ளைகள், அதாவது என்னோடு வேலை செய்த இரண்டு பெண்களும், சும்மா இருந்தார்கள். வேலை வந்தால் போதும் என்றிருந்தேன்.

அந்த வட்டாரத்தில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் பெரிய கட்சிக்காரர். இன்னொருவர் அவரோடு மல்லுக்கட்டும் மற்றக் கட்சிக்காரர். கட்சிகளின் பேரை எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் கணிப்பை விட்டுவிட்டுக் கட்சியைப் பற்றிச் சண்டை பிடிப்பீர்கள். மூன்றாவது ஆள் அந்த ஊர் முன்பள்ளி ஆசிரியை. தையல் இயந்திரச் சின்னத்தில் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மணல் ஏற்றும் டிப்பர் லொறிகள் முன்பள்ளி வாசலால் ஓடக்கூடாது. பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் அந்த ஒழுங்கையில் டிப்பர்கள் பறந்தன. அதை வெளியில் சொல்ல மற்ற இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

சிறுபோக விதைப்புக் காலம். பகலில் வீடு வீடாகப் போனால் கதவுதான் நிற்கும், சனம் வயலில் நிற்கும். மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்ற அவதியில் நான் மாதர் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். நல்ல மனுசி. "உங்களுக்கேன் அலைச்சல் மிஸ்? நான் எல்லாரையும் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டு விடுறன்" என்றார். சொன்னபடியே கூப்பிட்டும் விட்டார்.

நாங்கள் போன நேரம் மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் பைல் இருந்தது. இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசியுங்கள். எல்லோர் கையிலும் பைல். வன்னியில் எந்தக் குடும்பத்திடம் கேட்டாலும் ஒரு பிளாஸ்ரிக் பைல் இருக்கும். அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, காணிக் கச்சாத்து, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவுத் துண்டு எல்லாம் இருக்கும். நிறுவனக்காரர் யாராவது படிவத்தோடு வந்தால் அந்தப் பைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். வீட்டுத்திட்டமோ கோழிக்குஞ்சோ, யார் கண்டது? நானே எத்தனையோ பயனாளி தெரிவுகளில் அந்தப் பைல்களைப் புரட்டியிருக்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன். ஏன் கொண்டு வந்தீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. வரிசையில் இருத்தி, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு முடித்தோம். இரண்டாம் நாள் பின்னேரமே வேலை சரி. சரிபார்த்தேன் என்று எல்லாப் படிவத்திலும் கையெழுத்தும் வைத்தேன்.

முடிவு வந்தது. பெரிய கட்சிக்காரர் எங்கேயோ உச்சியில் இருந்தார். மற்றக் கட்சி நெடுந்தூரம் பின்னால். ரீச்சர் பேருக்கு இருந்தார்.

அடுத்த கிழமை அந்த முடிவு துண்டுப்பிரசுரமாக வந்தது, முகநூலில் வந்தது, ஓட்டோவின் பின்பக்கத்திலும் வந்தது. பிறகு தேநீர்க் கடைகளில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு காது கொடுத்தேன். "கணிப்பே சொல்லிட்டுது, இனி என்ன கதை?" என்றார் ஒருவர். "உந்தக் கணிப்புகளைத் தடைசெய்ய வேணும். உதுக்குக் காசு குடுத்தது ஆர்? செலவுக்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் வந்திருக்கு, தெரியுமோ?" என்று துள்ளினார் மற்றக் கட்சி ஆதரவாளர். "சட்டம் எங்களுக்கு மட்டுமோ? உங்கடை ஆளுக்கு வெளிநாட்டிலையிருந்து வாற காசை ஆர் கணக்குப் பாக்கிறது?" என்றார் முன்னையவர். இதில் பகிடி என்னவென்றால், அதற்கு முந்திய தேர்தலில் மற்றக் கட்சி முன்னுக்கு நிற்பதாக ஒரு கணிப்பு வந்தது. அப்போது தடைசெய்யச் சொன்னவர்கள் பெரிய கட்சிக்காரர், தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் மற்றக் கட்சிக்காரர். எந்தக் கட்சிக்கும் கணிப்பின் மேல் கோபமில்லை, தான் பின்னுக்கு நிற்கும் கணிப்பின் மேல்தான் கோபம். உங்கள் வேலைக்காலம் முழுக்க இந்தச் சத்தம் காதில் விழும், பழகிக்கொள்ளுங்கள்.

எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் எடுத்த கணிப்பைப் பற்றி ஊரே கதைக்கிறது என்ற பெருமை.

செவ்வாய்க்கிழமை ரீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன் நாங்கள் கதைத்ததில்லை. குரல் நிதானமாக இருந்தது.

"மிஸ், கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவர். வாக்கு சிதறக்கூடாதாம். சனிக்கிழமை நாலு மணிக்குக் கோயில் மண்டபத்திலை வேட்பாளர் கூட்டம். அதிலை நான் எழும்பி, எனக்குப் போடாதேங்கோ, பெரிய கட்சிக்குப் போடுங்கோ எண்டு சொல்ல வேணுமாம். என்னோடை நிண்ட முன்பள்ளித் தாய்மாரும் உங்கடை கணிப்பைப் பாத்திட்டு ஒதுங்கீட்டினம். ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கடை கணிப்பு சரியோ?"

"ஓம், சரிதான்" என்றேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்கிறார், நான் சரி என்கிறேன், அவ்வளவுதான். "அப்ப சரி மிஸ், பறவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் 'பறவாயில்லை' இப்போதும் என் காதுக்குள் இருக்கிறது.

முடிவு வெளியான பிறகும் சில வீடுகளுக்குப் போய் மறுபடி பார்ப்பது எங்கள் வழக்கம். புதன்கிழமை அதற்காகப் போனேன். முதலில் தகரக் கொட்டிலில் இருக்கும் மகேஸ்வரி என்ற பெண்ணிடம் போனேன். என்னைக் கண்டதும் கதிரையைத் தூக்கி நிழலில் போட்டார், முகம் மலர்ந்தது.

"மிஸ், பேர் வந்திட்டுதோ?"

"என்ன பேர்?"

"வீட்டுத்திட்டப் பேர். அண்டைக்கு மண்டபத்திலை எடுத்தியளே."

நான் கதிரையில் இருக்கவில்லை. "அது வீட்டுத்திட்டம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. வீட்டுக்கு ஒராள் வாங்கோ, அடையாள அட்டையும் கொண்டு வாங்கோ எண்டு சங்கத்தாலை சொன்னவை. பிறகு என்ன? அதோடை நீங்கள் வந்த வான் தெரியாதே? முன் கண்ணாடியிலை மஞ்சள் எழுத்து எழுதின வான். மணல் டிப்பர் முதலாளியின்ரை. பெரிய கட்சிக் கூட்டத்துக்குச் சனம் ஏத்தினதும் அதுதான், கதிரை ஏத்தினதும் அதுதான். அவையின்ரை வானிலை வந்து, ஆருக்குப் போடுவாய் எண்டு கேட்டா, நான் வேறை ஆற்றை பேரைச் சொல்லுறது?"

அந்த வானில் இரண்டு நாள் முன் இருக்கையில் இருந்து போனவள் நான். மஞ்சள் எழுத்தை நானும் வாசித்தேன். இது யாருடைய வான் என்று சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? பக்கத்தில் யார் நின்றது என்று என் பழைய மேற்பார்வையாளர் கேட்டிருந்தால், டிப்பர் முதலாளி நின்றார், பெரிய கட்சி நின்றது, வராத வீட்டுத்திட்டமும் நின்றது என்று சொல்லியிருக்க வேண்டும். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஐந்து வீட்டிலும் இதே கதை. ஒரு வீட்டில் கூரைத் தகடு எப்போது வரும் என்றும் கேட்டார்கள்.

ஒழுங்கையில் நின்றபடியே பணிப்பாளருக்கு எடுத்தேன். நடந்ததைச் சொல்லி, நலன்விரும்பி யார் என்று கேட்டேன். "அது உங்களுக்குத் தேவையில்லாத விசயம். வாடிக்கையாளருக்குத் திருப்தி. நீங்கள் ஓய்வுக்குப் போக இன்னும் கொஞ்ச மாதம்தானே இருக்கு, பேசாமல் இருங்கோ" என்றார்.

"கணிப்பு பிழை சேர். வாபஸ் வாங்க வேணும்."

"ஆர் பிழை? சரிபாத்தேன் எண்டு கையெழுத்து வைச்சது ஆர்?"

அது நியாயமான கேள்விதான். கையெழுத்து வைத்தவள் நான். அப்படியென்றால் அதைத் திருத்துவதும் என் வேலை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது.

என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இதற்குச் சம்பளம் கிடையாது, வேலையும் போகலாம், வர விருப்பமென்றால் வாருங்கள் என்றேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வீட்டிலை மூண்டு பேர் சாப்பிடோணும் அக்கா" என்றாள். அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மற்றவள் தன் ஸ்கூட்டியைக் கொண்டு வந்தாள். மூன்று சின்னங்களையும் அச்சடித்த சிறு துண்டுகள், ஒரு சப்பாத்துப் பெட்டி, பெட்டியின் மூடியில் ஒரு வெட்டு. ஆள் மறைவாகப் போய்ப் புள்ளடி போட்டு, மடித்து உள்ளே போட வேண்டும். பேர் இல்லை, இலக்கம் இல்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் வயல் வரம்பில் போய்க் கேட்டோம், வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தவரை வழியில் மறித்துக் கேட்டோம். ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னது, இதனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதைத்தான்.

மகேஸ்வரியிடமும் போனேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொன்னா வீடு கிடைக்குமோ மிஸ்?"

"இல்லை."

"பொய் சொன்னா?"

"அதுக்கும் இல்லை."

"அப்ப உண்மையைச் சொல்லுறதிலை ஒரு நட்டமும் இல்லை" என்று துண்டை வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெட்டியைக் கொட்டி எண்ணினோம். பெரிய கட்சியும் மற்றக் கட்சியும் கிட்டத்தட்டச் சமம். வெறும் துண்டாக மடித்துப் போட்டவர்கள் நிறையப் பேர். ரீச்சருக்கு முன்னையதை விட நிறையக் கூடியிருந்தது. ஆனால் மூன்று பேரில் அவர்தான் கடைசி.

என்னோடு வந்தவள் இரண்டாம் தரமும் எண்ணிப் பார்த்தாள். மாறவில்லை. "அக்கா, இதைச் சொல்லித்தான் ஆகோணுமோ? பிழை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வருவமே" என்றாள். எனக்கும் அப்படித்தான் மனம் போனது. ரீச்சரை விழுத்தியது நான், அவரைத் தூக்கிவிடவும் நானே ஆசைப்பட்டேன். தங்கச்சிமார், தம்பிமார், உங்களைக் கவனமாக இருக்கச் சொல்வது இந்த இடத்தில்தான். டிப்பர் முதலாளிக்காகப் பொய் சொல்ல உங்களில் ஒருவரும் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நல்லவருக்காக ஒரு உண்மையை அமுக்கி வைக்க மனம் வரும். அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் கோயில் தலைவர், பெரிய கட்சி வேட்பாளர், மற்றக் கட்சி வேட்பாளர் மூவரும் இருந்தார்கள். டிப்பர் முதலாளி ஒரு தூணோடு சாய்ந்து நின்றார். ரீச்சர் ஓரத்துக் கதிரையில் இருந்தார், மடியில் ஒரு மடித்த கடதாசி. எழுதிக்கொண்டு வந்துவிட்டார் என்று விளங்கியது. தலைவர் ரீச்சரைப் பேச அழைக்கப் போன நேரம் நான் எழும்பினேன்.

"ஐயா, அதுக்கு முதல் எனக்கு ரெண்டு நிமிசம் வேணும். கணிப்பு எடுத்தது நான்."

தலைவர் தலையாட்டினார். கணிப்பு எடுத்தவள் பெரிய கட்சியைப் புகழப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

"அந்தக் கணிப்பு பிழை. நான்தான் பிழை விட்டனான். வீட்டுத்திட்டம் எண்டு நினைச்சுப் பைலோடை வந்த சனத்திட்டை நான் கேள்வி கேட்டனான். அதுவும் இந்த ஐயாவின்ரை வானிலை வந்து கேட்டனான்" என்று தூணடியைக் காட்டினேன். "கட்சிக் கூட்டத்துக்கு ஓடின அதே வான். அந்தத் தாளை ஒருத்தரும் நம்ப வேண்டாம்."

மண்டபம் இரைந்தது. டிப்பர் முதலாளி, "வான் வாடகைக்கு விடுறதுதான் என்ரை தொழில். ஆர் கேட்டாலும் விடுவன்" என்றார். "எங்களிட்டை ஒருத்தரும் வாடகை வாங்கேல்லை" என்றேன். மற்றக் கட்சி வேட்பாளர் துள்ளி எழும்பினார். "பாத்தியளோ! நான் அண்டைக்கே சொன்னனான். அப்ப நாங்கள்தான் முன்னுக்கு எண்டதையும் சொல்லிவிடுங்கோ மிஸ்!"

"நீங்களும் இருங்கோ. நீங்கள் முன்னுக்கு எண்டும் நான் சொல்லேல்லை" என்றேன்.

பெரிய கட்சி வேட்பாளர் எழும்பவில்லை. அவர் கெட்டிக்காரர். இருந்த இடத்திலிருந்தே மெல்லமாகக் கேட்டார்.

"சரி மிஸ். நீங்கள் ரெண்டாம் தரமும் பெட்டியோடை திரிஞ்சதாக் கேள்வி. அதிலை ரீச்சர் எத்தினையாம் இடம்?"

என்னோடு வந்தவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அது சின்ன மாதிரி, இரண்டு நாளில் எடுத்தது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நழுவியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் ரீச்சர் முதலிடம் வந்திருந்தால் அப்படி நழுவியிருப்பேனா? மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கடைசி" என்றேன். "சின்ன மாதிரி, முன்பின் இருக்கும். ஆனா அதிலையும் அவ கடைசிதான்."

யாரோ சிரித்தார்கள். பெரிய கட்சி வேட்பாளர் கோயில் தலைவரைப் பார்த்துக் கையை விரித்தார். "பிறகென்ன ஐயா? ரீச்சர், நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ" என்றார் தலைவர்.

ரீச்சர் எழும்பினார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மடித்த கடதாசியை விரிக்கவில்லை.

"நான் விலகிறதெண்டு எழுதிக்கொண்டு வந்தனான். கணிப்பிலை கடைசி எண்டதாலை எழுதினது. இப்ப இந்த மிஸ் சொல்லுறா, அந்தக் கணிப்பு பிழை, ஆனா நான் கடைசிதான் எண்டு. இருந்து யோசிச்சன். கணிப்பைப் பாத்தோ நான் நிண்டனான்? ஒழுங்கையாலை டிப்பர் ஓடினதைப் பாத்து நிண்டனான். டிப்பர் இண்டைக்குக் காலமையும் ஓடினது. நான் விலகேல்லை."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. பின் வரிசையிலிருந்து இரண்டு தாய்மார் எழும்பி வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். தலைவருக்குக் கோபம் முகத்தில் தெரிந்தது, ஆனால் கூட்டத்தை முடித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. நான் ஓய்வு பெற்றதாக எழுதியிருந்தார்கள். நான் பெறவில்லை, அவர்களாகத் தந்தார்கள். வலித்ததா என்றால் வலித்தது. பிரியாவிடைத் தேநீர்கூட இல்லாமல் மேசையில் இருந்த சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டேன்.

தேர்தல் நடந்தது. ரீச்சர் அந்த வட்டாரத்தில் தோற்றார். கடைசியாகத்தான் வந்தார். பெரிய கட்சிக்காரர் வென்றார், அதுவும் மயிரிழையில். உண்மை பேசினால் நல்லவர் வெல்வார் என்று நான் உங்களுக்குக் கதை அளக்க வரவில்லை.

தேர்தல் முடிந்தால், குறித்த நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவு விபரம் கொடுக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். கொடுத்ததைப் பொதுமக்களும் பார்க்கலாம். தேநீர்க் கடையில் அந்தச் சட்டத்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கப் போனதாகத் தெரியவில்லை. நான் போனேன். கிளிநொச்சித் தேர்தல் அலுவலகத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருந்து, வென்றவர் முந்தியே கொடுத்திருந்த விபரத்தை வரி வரியாக வாசித்தேன். சுவரொட்டி இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. வான் இல்லை, கணிப்பும் இல்லை. அந்த வானில் நான் எந்த நாட்களில் போனேன், சாரதி யார், யார் யாரிடம் என்ன கேட்டேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, என் பேரும் முகவரியும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். இந்தமுறை வாசித்துப் பார்த்துத்தான் வைத்தேன். அந்த முறைப்பாட்டுக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. பதில் வரும்வரை மாதம் ஒருமுறை போய்க் கேட்பதாக இருக்கிறேன்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ரீச்சர் நின்றார். கையில் அவருடைய விபரப் படிவம், கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை. நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவர் படிவத்தை என் முன்னால் நீட்டினார். துண்டுப்பிரசுரம் அடித்த காசு, தாய்மார் சேர்ந்து கொடுத்த காசு, ஒருவர் இலவசமாகக் கீறித் தந்த பதாகை என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்.

"ஓசியாக் கிடைச்சதையும் எழுத வேணுமாமே மிஸ். அண்டைக்கு நீங்கள் எனக்காக வந்து கதைச்சதை எதுக்குள்ளை போடுறது?"

"போடாதேங்கோ ரீச்சர்" என்றேன். "நான் உங்களுக்காகக் கதைக்கேல்லை."

"அது தெரியும்" என்றார். "எனக்காகக் கதைக்க வந்திருந்தா, கடைசி எண்டு சொல்லியிருக்கமாட்டியள். அதாலைதான் நான் அண்டைக்கு எழும்பி நிண்டனான்."

படிவத்தை மடித்துக்கொண்டு, தன் முறைக்கு வரிசையில் போய் நின்றார்.